ஏழு கால் ஆக்டோபஸ் நோட்டு

வங்கிகளை இழுத்து மூடிய திங்கட்கிழமை காலையில் என் கணவன் ஸ்ட்ராடோஸ் விசிலடித்துக்கொண்டே சவரம் செய்தான். ஊரே ஏ.டி.எம். வாசலில் நிற்கிறது, இவனுக்கு மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்புகிற முகம்.

"வர்ற ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுது பொலிக்ஸேனி. யூரோவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு பழைய டிராக்மாவுக்கே திரும்பிருவோம். நம்ம கையில நம்ம காசு."

"நம்ம கையில காகிதம்னு சொல்லு."

"காகிதம்தான நம்ம தொழிலு?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அது உண்மைதான். கிரீஸின் தென்கோடியில், கிதியோ துறைமுகத்துக்குப் பின்தெருவில் எங்களுக்கு ஓர் அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நான அட்டை, கம்பத்தில் ஒட்டுகிற மரண அறிவிப்பு, சாப்பாட்டுக்கடைகளின் விலைப்பட்டியல் எல்லாம் எங்கள் இயந்திரத்தில்தான் பிறக்கும். எழுத்துகளை அடுக்கி வடிவம் கொடுப்பது நான், மையும் இயந்திரமும் அவன். ஐந்து வருஷமாக அந்த இயந்திரத்தின் இரு பக்கமும் நின்று நாங்கள் ஒரே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

கழுத்துவரை கடன்பட்ட நாடு அடுத்தவன் காசை வைத்துக்கொண்டு மூச்சுவிட முடியாது என்பது அவன் கட்சி. சொந்தக் காசு இருந்தால் அதன் மதிப்பு இறங்கும். இறங்கினால் வெளிநாட்டுக்காரன் மலிவு என்று இங்கே ஓடிவருவான், நம் எண்ணெயும் ஆரஞ்சும் கப்பலேறும். காகிதம் இத்தாலியிலிருந்து வருகிறது, மை ஜெர்மனியிலிருந்து வருகிறது, டிராக்மா வந்த மறுநாளே இரண்டும் இரட்டிப்பு விலை என்பது என் கட்சி. அதோடு நாடு வாங்கிய கடன் என்னவோ யூரோவாகத்தானே நிற்கும்?

ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்த வாக்கெடுப்பின் கேள்வி வேறு. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா கூடாதா என்று என்னமோ நீளமாக அச்சிட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதை அப்படி வாசித்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஆமாம் என்றால் யூரோ, வேண்டாம் என்றால் டிராக்மா, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பனாகோஸ் வந்தான். துறைமுகத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவன், எங்கள் கல்யாணத்தில் எங்கள் தலைகளில் மணமுடியை மாற்றி வைத்த தோழன். வந்ததும் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், கடல்ல மீன் இருக்கு, என் வாசல்ல ஆளு இருக்கு, நடுவுல காசு இல்ல. ஒரு நாளைக்கு அறுபது யூரோதான் எடுக்கலாம்னு சட்டம், அதையும் ஒவ்வொருத்தனும் எடுத்து டிராயர்ல வச்சுப் பூட்டுறான். வெளியில சாப்பிட ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். அட்டைய தேய்ச்சு வாங்கினா அது பேங்க்குல போயி மாட்டிக்கிது. மீன்காரன் ரொக்கம் கேக்கிறான். ரொட்டிக்கடை ஃபோடிஸ் ரொக்கம் கேக்கிறான்."

ஸ்ட்ராடோஸ் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இருபத்தாறு வருஷமாக எனக்கு அந்த வெளிச்சத்தைத் தெரியும். ஒரு தடவைகூட அது நல்லதுக்கு வந்ததில்லை.

"சீட்டு அடிச்சிருவோம். இதக் கொண்டு வர்றவங்களுக்கு பனாகோஸ் கடையில அஞ்சு யூரோவுக்குச் சாப்பாடுன்னு. நீ அதை ஃபோடிஸுக்குக் குடு. அவன் எப்படியும் உன் கடையிலதான் சாப்பிடுறான். வேண்டாம்னா முட்டைக்காரிக்குக் குடுப்பான், அவ முடிதிருத்துறவனுக்குக் குடுப்பா. ஊருக்குள்ளயே சுத்தும்."

"அரசாங்கம் பிடிச்சா?" என்று கேட்டான் பனாகோஸ்.

"அரசாங்கத்துக்கு இந்த வாரம் வேற வேலை இருக்கு," என்றான் ஸ்ட்ராடோஸ்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே படத்தை வரைந்ததும் நான்தான், அதை மறைக்கப் போவதில்லை. கொடியில் தொங்கும் ஓர் ஆக்டோபஸ். நின்றுபோன ஒரு கல்யாணத்துக்காக வாங்கிவைத்திருந்த, பொன் விளிம்பு போட்ட தடித்த அட்டை சும்மா கிடந்தது. அதில் இருநூறு அடித்தோம். மை காயும்போதுதான் கவனித்தேன், ஏழு கால்தான் போட்டிருந்தேன்.

"இருக்கட்டும்," என்றான் பனாகோஸ். "கள்ளநோட்டு அடிக்கிறவன் எட்டுப் போட்டு மாட்டிக்குவான்."

புதன்கிழமை அது நடந்தது. நடக்காது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், ஆனாலும் நடந்தது. ஃபோடிஸ் நான்கு நோட்டை வாங்கிக்கொண்டு ரொட்டி கொடுத்தான், முட்டைக்காரியிடம் இரண்டைத் தள்ளினான். மாலையில் பனாகோஸ் கடையில் காலி நாற்காலி இல்லை. இரண்டு நாளாக வீட்டில் தொலைக்காட்சி முன்னால் சுருண்டு கிடந்தவர்கள் கடல்காற்றில் உட்கார்ந்து சோம்பு மணக்கும் ஊஸோ சாராயம் குடித்தார்கள். போலீஸ் சார்ஜெண்ட் ஒருவர் பொன் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு நோட்டை நீட்டிக் கணவாய் வறுவல் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு எனக்கே ஞானஸ்நான அட்டைக்கு நான்கு ஆக்டோபஸ் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

"என்ன, கை சுடுதா?" என்றான் ஸ்ட்ராடோஸ்.

"சும்மா இரு."

"நிஜக் காசு எல்லாம் மெத்தைக்கு அடியில தூங்குது. இந்த அட்டைதான் இன்னைக்கு ஊருக்குச் சோறு போட்டுது. எழுதி வச்சுக்கோ."

அவன் சொன்னது சரி. அதுவே எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை பனாகோஸ் மறுபடி வந்தான். முகத்தில் வயிற்றுவலி இல்லை.

"இன்னும் ஒரு முந்நூறு வேணும்."

"உன் கடையில நாற்காலி எத்தனை?" என்றேன்.

"அறுபது. ஏன் தங்கச்சி?"

"சும்மாதான் கேட்டேன். ஏற்கெனவே இருநூறு வெளியில இருக்கு."

"அதெல்லாம் உடனே திரும்பி வராது. ஆளுங்க கையிலயே வச்சுக்கிறாங்க, அட்டை அழகா இருக்குன்னு."

"போதும் ஸ்ட்ராடோஸ்," என்றேன். அவன் தலையாட்டினான். நான் என் அக்கா வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனேன். தெருமுனை திரும்பும் முன்பே இயந்திரம் ஓடுகிற சத்தம் காதில் விழுந்தது. திரும்பிப் போய் நிறுத்தியிருக்கலாம். வெயில் கொளுத்தியது, அக்கா வீட்டில் குளிர்ந்த காப்பி இருந்தது, போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, முந்நூறு இல்லை, ஐந்நூறு அடித்திருந்தார்கள். பொன் விளிம்பு அட்டை தீர்ந்து, மரண அறிவிப்புக்கு வைத்திருந்த கறுப்பு விளிம்புத் தாளில் மிச்சத்தை ஓட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ரொட்டி வாங்கப் போனேன். முந்தின நாள்வரை ஒரு நோட்டுக்கு ஆறு ரொட்டி. ஃபோடிஸ் மூன்றை எடுத்துப் பையில் போட்டான்.

"எண்ண மறந்துட்டியா?"

"எண்ணித்தான் போட்டேன். கறுப்பு விளிம்புன்னா ரெண்டுதான் போட்டிருப்பேன். பனாகோஸ் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? படகு எஞ்சினைச் சரிபண்ணிட்டான், கதவுக்கெல்லாம் நீலப் பெயிண்ட் அடிச்சிட்டான், பின்னாடி வேலி போட ரெண்டு ஆளு வச்சிருக்கான். எல்லாருக்கும் ஆக்டோபஸ்தான். நேத்து என் கல்லாவுல யூரோவை விட ஆக்டோபஸ் ஜாஸ்தி. என் மாவுக்காரன் ஸ்பார்ட்டாவுல இருந்து வர்றான். அவன் கடல்பிராணி வாங்கமாட்டான்."

வீட்டுக்கு வந்து மூன்று ரொட்டியையும் மேசையில் வரிசையாக வைத்தேன். ஸ்ட்ராடோஸ் பார்த்தான். அன்றைக்கு அவன் விசிலடிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அது வெடித்தது. மறுநாள் வாக்கெடுப்பு. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் இந்த அட்டையை யார் மதிப்பார்கள் என்று யாரோ ஒருவர் காலைக் காப்பிக்கடையில் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், பன்னிரண்டு மணிக்கு ஊரே பசியோடு வந்துவிட்டது. அறுபது நாற்காலிக்கு இருநூறு பேர். யூரோவை விட்டு நாளைக்கே வெளியேற வேண்டும் என்று வாரம் முழுக்க மேசையைத் தட்டியவர்கள்தான் ஆக்டோபஸை விட்டு வெளியேற முதல் வரிசையில் நின்றார்கள்.

நாங்கள் போனபோது பனாகோஸ் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தான்.

"மீன் முடிஞ்சுது. கணவாய் முடிஞ்சுது. உருளைக்கிழங்கு இருக்கு, தக்காளி இருக்கு."

"நோட்டுல ஆக்டோபஸ்தான போட்டிருக்கு? உருளைக்கிழங்கு போடலையே," என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கதவுக்குப் பெயிண்ட் அடித்த ஆள் சிரிக்கவில்லை. அவன் கையில் நாற்பது நோட்டு இருந்தது.

"ரெண்டு நாள் வெயில்ல நின்னு வேலை பாத்தேன் பனாகோஸ். என் பொண்டாட்டி புள்ளைய கூட்டிட்டு வந்து தினமும் இங்கேயே குடியிருக்கவா? எனக்கு யூரோவா குடு."

"யூரோ இருந்தா நான் ஏன்யா அட்டை அடிக்கிறேன்?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சத்தம் ஏறியது. பனாகோஸ் இறங்கி, சமையலறைக்குள் போய், உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டான். ஸ்ட்ராடோஸ் அவனுக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்தான்.

"எத்தனை வெளியில இருக்கு?" என்றேன்.

"ஒரு அறுநூறு இருக்கும் தங்கச்சி. நான் என்ன பண்ண, எல்லாத்தையும் கிழிச்சுப் போடுங்கன்னு சொல்லிரவா?"

"சொல்லு, அப்புறம் இந்த ஊர்ல ஒரு டம்ளர் தண்ணிகூட விக்கமுடியாது. ஒரு நாளைக்கு எத்தனை நோட்டுக்குச் சாப்பாடு போட்டா உன் கடை தாங்கும்?"

அவன் ஏப்ரனை இறக்கினான். "ஆறு. அடிச்சுப் பிடிச்சு ஆறு."

நூறு நாள். கணக்கு எனக்கு உடனே வந்தது. ஓடிப்போய் அச்சகத்திலிருந்து தேதி முத்திரையையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்தேன். வாசல் மேசையில் உட்கார்ந்து சொன்னேன்: ஒவ்வொரு நோட்டிலும் ஒரு தேதி குத்தித் தருவேன், அந்தத் தேதியில் வந்தால் அதற்கு முழுச் சாப்பாடு, மீனோடு; ஒரு நோட்டும் வீணாகாது; புதிதாக ஒன்றும் அடிக்க மாட்டோம், அச்சுத் தகட்டை இங்கேயே உடைக்கிறோம். வாக்குக் கொடுத்தது நான். ஆனால் தகட்டை உடைக்கும்போது ஸ்ட்ராடோஸின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

முணுமுணுத்துக்கொண்டே வரிசை கட்டினார்கள். பெயிண்ட் அடித்தவன் அக்டோபர் தேதியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "குளிர்காலத்துக்கு முன்னாடியே முடிச்சிருவீங்கல்ல?"

ஸ்ட்ராடோஸ் என் காதருகே குனிந்தான். "கடனைத் தள்ளி வச்சு, தாங்குற அளவுக்குப் பிரிச்சு வாங்கிக்கோங்கன்னு சொல்ற. இதத்தான நாம ஐரோப்பாகிட்ட அஞ்சு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கோம்?"

முத்திரை என் கையிலேயே நின்றது. "வரிசையைப் பாரு," என்றேன்.

வரிசையின் நடுவில் எவ்தெர்பி டீச்சர் நின்றிருந்தார். எழுபத்தெட்டு வயது, ஸ்ட்ராடோஸுக்கும் பனாகோஸுக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ரப்பர் வளையம் போட்ட கட்டு ஒன்றை என் முன்னால் வைத்தார். இருபத்து நான்கு நோட்டு.

"இத்தனையா டீச்சர்? உங்களுக்கு யார் குடுத்தா?"

"புதன்கிழமை நாலு மணி நேரம் நின்னு பென்ஷன் வாங்கினேன், நூத்தி இருவது யூரோ. வழியில உன் வீட்டுக்காரன் பாத்தான். யூரோவுக்கு இன்னும் நாலு நாள்தான் உயிரு டீச்சர், இது நம்ம ஊர் காசு, கடல் வத்தினாத்தான் இது போகும்னான். மாத்திக் குடுத்தான்." குரலில் கோபமே இல்லை. "எனக்குச் சாப்பாடு சரி. மருந்துக்கடைக்காரர்தான் ஆக்டோபஸ் வேணாம்னுட்டாரு. ரெண்டு நாளா பிரஷர் மாத்திரைய பாதியா உடைச்சுப் போட்டுக்கிறேன்."

நான் ஸ்ட்ராடோஸைப் பார்த்தேன். அவன் முகம் காதுவரை சிவந்துவிட்டது. அந்த நூற்றிருபது யூரோ பனாகோஸ் கைக்குப் போய், வியாழக்கிழமையே மீன்காரரிடம் போய்விட்டது.

அவன் நேராக ஏ.டி.எம்.முக்கு நடந்தான். முத்திரையைப் பனாகோஸிடம் கொடுத்துவிட்டு நானும் பின்னால் போனேன். இயந்திரத்தில் இருபது யூரோத் தாள் தீர்ந்துபோயிருந்தது. அறுபது என்று பேர், கைக்கு வருவது ஐம்பதுதான். அவனுடைய அட்டையில் ஐம்பது, என்னுடையதில் ஐம்பது. எங்களுக்குப் பின்னால் இருபது பேர் வெயிலில் நின்றார்கள்.

"இன்னும் ஒரு இருவது வேணும்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"வீட்டு டிராயர்ல இருக்கு."

"நீயும் டிராயர்லதான் பூட்டி வச்சிருக்கியா?"

"ஆமா. அதனாலதான் இப்ப இருக்கு."

டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தோம். வழியிலேயே மாத்திரையும் வாங்கிக்கொண்டு போனோம். ஸ்ட்ராடோஸ் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து, மாத்திரைப் பெட்டியைத்தான் நீட்டினான். நான் அவனை அப்படிப் பார்த்ததில்லை. எவ்வளவு திட்டலாம் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன், எல்லாம் கரைந்துவிட்டது.

"சின்ன வயசுலயும் உனக்கு இதே வியாதிதான்," என்றார் டீச்சர். "கணக்கை அழகா ஆரம்பிப்ப. விடை வந்ததுக்கு அப்புறமும் போட்டுக்கிட்டே இருப்ப." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் ரொம்ப நிமிராத. நாலு கால் நாயைக்கூட ஒழுங்கா வரைஞ்சவ இல்ல நீ, எட்டுக் கால் பிராணியைப் போய் ஏன் தொட்ட?"

"நாளைக்கு எதுக்குப் போடப்போறீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொன்னா அதுக்குப் பேரு ரகசிய ஓட்டா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு இருவரும் சேர்ந்தே நடந்தோம். நாங்கள் பார்த்ததையெல்லாம் பார்த்த பிறகு இருவரில் ஒருவராவது மனம் மாறியிருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் நின்றபோது எனக்குப் புதன்கிழமை மாலை ஞாபகம் வந்தது, அந்த நிறைந்த நாற்காலிகள், ஊஸோ வாசனை. ஒரு நிமிஷம் கை தயங்கியது. பிறகு டீச்சரின் பாதி மாத்திரை ஞாபகம் வந்தது, ஆமாம் என்பதில் குறியிட்டுச் சீட்டை மடித்துப் போட்டேன். வெளியே வந்து படியில் காத்திருந்தேன். ஸ்ட்ராடோஸ் வெகுநேரம் கழித்து வந்தான்.

"என்ன?"

"வேண்டாம்தான்," என்றான். "மாத்திப் போடலாம்னு நெனச்சேன். முடியல. பண்ணது தப்புதான், ஆனா நெனச்சது தப்புன்னு இன்னும் தோணல."

எங்கள் வட்டாரத்தில் ஓட்டு ஏறக்குறைய சரிபாதியாக விழுந்தது. நாடு முழுக்க எண்ணியபோது வேண்டாம் பெரிதாக ஜெயித்தது. அன்றிரவு அவன் துறைமுகத்தில் ஆடிவிட்டு வந்தான். எட்டு நாள் கழித்து அரசாங்கம் அந்த நிபந்தனைகளைவிடக் கடுமையான ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு வந்தது. யூரோ எங்களோடு நின்றுவிட்டது, கடனும்தான். ஸ்ட்ராடோஸ் இரண்டு நாள் இயந்திரத்தோடு மட்டும் பேசினான். நான் ஜெயித்தவள் மாதிரி நடக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன், முழுக்க முடியவில்லை. ஆகஸ்டில் வரியை ஏற்றினார்கள். என் காகிதக்காரர் இத்தாலியிலிருந்து முன்பணம் கேட்டார். அப்போது அவன் என்னைப் பார்த்தான், சொல்லிக்காட்டவில்லை. அவனுக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

டீச்சரிடமிருந்து மீட்ட இருபத்து நான்கு நோட்டும் எங்களிடம் வந்துசேர்ந்தன. சனிக்கிழமைக்கு இரண்டு என்று தேதி குத்தினேன். பன்னிரண்டு சனிக்கிழமை. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படித் தொடர்ந்து வெளியே சாப்பிட்டதில்லை. எப்போதும் கடற்சுவரை ஒட்டிய மேசை, எப்போதும் கரியில் சுட்ட ஆக்டோபஸ், எப்போதும் அதே சண்டை. பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டு அதில் சேர்ந்துகொள்வார்கள்.

"நிறுத்தத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இயந்திரத்துல இருந்தா," என்பான் ஸ்ட்ராடோஸ், "இன்னைக்கும் நான் டிராக்மாதான்."

"அந்த ஆளைக் கூட்டிட்டு வா, நானும் யோசிக்கிறேன்."

"யூரோ அடிக்கிற இடத்துல மட்டும் நிறுத்தத் தெரிஞ்ச ஆளா இருக்கான்? இங்க தண்ணி கழுத்துக்கு வந்தாலும் அங்க ஒருத்தனுக்கும் கால் நனையாது."

"அது சரி," என்பேன். சில சனிக்கிழமைகளில் சொல்லமாட்டேன்.

பனாகோஸ் ஒரு நாளும் வாக்குத் தவறவில்லை. மழை பெய்த ஒரு நாளில்கூடப் பெயிண்ட் அடித்தவனின் குடும்பத்துக்கு உள்ளே மேசை போட்டு மீனை வறுத்துக் கொடுத்தான். அக்டோபர் நடுவில் கடைசி நோட்டும் வந்துவிட்டது. அவன் பத்துக் கிலோ இளைத்திருந்தான், நீலக் கதவு மட்டும் பளபளவென்று இருந்தது.

எங்கள் நோட்டுகள் செப்டம்பரிலேயே தீர்ந்துவிட்டன. அதற்கடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆனதும் ஸ்ட்ராடோஸ் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றான். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டேன். பனாகோஸ் எங்கள் மேசையைத் துடைத்து வைத்திருந்தான். அன்றைக்குக் காசு கொடுத்துச் சாப்பிட்டோம்.